வெளுத்துத் தெரியும் குயில்ட் படத்தை எடுப்பாக்குவது எப்படி: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

இளநீல வானம், இளம்பச்சைக் குளம், ரோஸ் நிறத் தாமரை, கரையில் ஒரு வெள்ளைக் கொக்கு. துணிகளை மேசையில் பரப்பிப் பார்க்கும்போது கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும். வெட்டி ஒட்டி, நடுவில் பஞ்சு அடுக்கு வைத்துத் தைத்து, சுவரில் மாட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் கொக்கைக் காணோம். தாமரையும் குளமும் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கும். பேஸ்டல் எனப்படும் வெளிர் நிறங்களில் படம் வைத்துக் குயில்ட் (மேல்துணி, பஞ்சு, பின்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பது) தைப்பவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது.

பலரும் உடனே கறுப்பு நூலைக் கோத்து எல்லாவற்றையும் சுற்றிக் கோடு போட ஆரம்பித்துவிடுவார்கள். அதைத்தான் முதலில் நிறுத்தச் சொல்வேன். மென்மையாக இருக்க வேண்டும் என்றுதானே அந்தத் துணிகளைத் தேர்ந்தெடுத்தீர்கள்? அது கெடக் கூடாது. தேவைப்படுவது கொஞ்சமே கொஞ்சம் அடர் நிறம், அது சரியான இடத்தில் விழ வேண்டும். அந்த இடம் எது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. இந்தக் குளத்துப் படத்தையே உதாரணமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறிகுறியாகப் பார்க்கலாம்.

ஊசியை எடுக்கும் முன் ஒரு சோதனை

குயில்ட்டைப் பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். ஓரத்தில் ஒரு கறுப்புத் துணித் துண்டும் ஒரு வெள்ளைத் துணித் துண்டும் குத்தி வையுங்கள். எல்லாம் சேர்ந்து தெரியும்படி போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். அந்த இரண்டு துண்டுகள் எதற்கென்றால், போன் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும். வெளிர் துணி மட்டும் இருந்தால் அதைச் சாம்பலாக்கிக் காட்டிவிடும். கறுப்பும் வெள்ளையும் பக்கத்திலேயே இருந்தால் உங்கள் துணிகள் இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கின்றன என்று தெரிந்துவிடும்.

இப்போது நிறம் போய், லைட்-டார்க் வித்தியாசம் மட்டும் மிஞ்சியிருக்கும். ரோஸும் பச்சையும் நிறத்தில் எதிரெதிர்தான். ஆனால் இந்தப் படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாக வந்தால், தூரத்தில் நிற்பவர் கண்ணுக்கும் அவை ஏறக்குறைய ஒன்றுதான். எந்த ஓரங்கள் மறைந்துவிட்டன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேலை அந்த ஓரங்களில் மட்டும்தான். நன்றாகத் தெரிகிற ஓரத்தைத் தொடவே வேண்டாம்.

தூரத்திலிருந்து பார்த்தால் படம் முழுவதும் ஒரே மங்கல்

கறுப்பு-வெள்ளைப் படத்தில் அடர்ந்த இடம் ஒன்றுகூட இல்லையென்றால் பிரச்சினை கோட்டில் இல்லை, துணியில். என்னதான் ஓரம் கட்டினாலும் இது தீராது. படத்தில் கண் முதலில் போய் நிற்க வேண்டிய இடத்தை முடிவு செய்யுங்கள். நம் படத்தில் அது கொக்கு. அதற்குப் பக்கத்திலும் பின்னாலும் அடர் துணித் துண்டுகள் இரண்டு மூன்று சேருங்கள்: கரையில் கரும்பச்சைக் கோரைப்புல், இலைகளுக்கு அடியில் நீரில் விழும் நிழல். படத்தின் நான்கு மூலைக்கும் சமமாகப் பங்கு வைக்காதீர்கள். அடர்நிறம் எல்லா இடத்திலும் இருந்தால் எங்கேயும் இல்லாத மாதிரிதான்.

துணிக்கு அலைய வேண்டியதில்லை. ஜாக்கெட் துணி விற்கும் மேட்சிங் சென்டரில் ஒரே பச்சையிலேயே அடுக்கடுக்காக ஷேடுகள் இருக்கும், சின்னத் துண்டாகவும் வெட்டித் தருவார்கள். அங்கேயே, உங்கள் குயில்ட்டில் மிச்சமான துணித்துண்டைப் பக்கத்தில் வைத்து, அதே கறுப்பு-வெள்ளைச் சோதனையைச் செய்து பாருங்கள். பருத்தியா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் நனைத்துக் காயவைத்த பிறகுதான் கத்தரிக்கோல்.

தைத்து முடித்த குயில்ட்டின் மேலும் துண்டு சேர்க்கலாம். ஓரத்தை உள்ளே மடித்து, கையால் மேல்துணியையும் கொஞ்சம் பஞ்சையும் மட்டும் கோத்து ஹெம்மிங் செய்தால் பின்பக்கம் தெரியாது. தைப்பதற்கு முன் துண்டுகளைக் குண்டூசியில் குத்தி ஒரு நாள் அப்படியே விட்டு, போகும்போதும் வரும்போதும் பாருங்கள். உறுத்தும் துண்டு தானாகவே தெரிந்துவிடும்.

உருவத்தின் ஓரம் பின்னணியில் கரைகிறது

வெள்ளைக் கொக்கு, இளநீல வானம். அதிகம் கேட்கப்படும் சந்தேகம் இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தீர்மானியுங்கள். இடப்பக்கம் மேலிருந்து என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கொக்கின் தாடைக்குக் கீழே, கழுத்து வளைவின் வலப்பக்கம், வயிற்றுக்கு அடியில், இறக்கையின் கீழ் விளிம்பில் நிழல். அங்கேதான் கோடு வேண்டும். தலைக்கு மேலும் முதுகின் இடப்பக்கமும் மெல்லிய ஒற்றை இழை போதும், சில இடங்களில் அதுவும் வேண்டாம். விடுபட்ட இடத்தைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

கறுப்பு நூல் வேண்டாம். கொக்குக்குச் சாம்பல்-நீலம் அல்லது ஊதா கலந்த சாம்பல். தாமரைக்கு, அதே ரோஸ் குடும்பத்தில் மூன்று நாலு படி அடர்ந்த நிறம். நூல்கண்டில் பார்க்கும்போது தெரியும் அடர்த்தி, ஒற்றைக் கோடாகத் துணியில் படுத்ததும் குறைந்துவிடும். அதனால் ஒரு இழையை உருவித் துணிமேல் போட்டுப் பார்த்து, சரி என்று தோன்றுவதற்கு ஒரு ஷேடு கூடுதலாக எடுங்கள்.

ஆறு இழை எம்பிராய்டரி நூலில் நிழல் பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று இழை, வெளிச்சப் பக்கத்துக்கு ஒன்று. வளைவுகளுக்குக் காம்புத் தையல் (ஸ்டெம் ஸ்டிச்). நூல் எப்போதும் ஊசிக்குக் கீழ்ப்பக்கமே இருக்க வேண்டும். ஒரு தையலுக்கு மேலே, ஒரு தையலுக்குக் கீழே என்று போனால் கோடு உடைந்து தெரியும். முனைகளுக்கும் கூர்மையான திருப்பங்களுக்கும் கெட்டித் தையல் (பேக் ஸ்டிச்). கழுத்து மாதிரி நெருக்கமான வளைவில் தையல் நீளம் 2 மில்லிமீட்டர், மற்ற இடங்களில் 3 அல்லது 4 வரை போகலாம். ஓரம் மடித்துத் தைத்த உருவமென்றால், கோட்டைக் கொக்கின் மேல் போடாமல் மடிப்பை ஒட்டி வானத்துத் துணியில் போடுங்கள். மடிப்பின் தடிமனும் நூலின் அடர்த்தியும் சேர்ந்து உண்மையான நிழலாகவே தெரியும். ஓரம் மடிக்காமல் வெட்டி ஒட்டியதென்றால் வெட்டு விளிம்பின் மேலேயே போட வேண்டும், பிசிறும் அடங்கும்.

ஏற்கெனவே பின்துணியோடு தைத்து முடித்த குயில்ட்டானால் ஊசியைப் பஞ்சு அடுக்குக்குள்ளேயே ஓட்டி எடுங்கள். முடிச்சை லேசாகச் சுண்டி இழுத்துப் பஞ்சுக்குள் புதைத்துவிடலாம்.

கறுப்பு வேண்டாம் என்றேன், ஒரு இடம் தவிர. சின்னக் கொக்குக்கு அலகும் காலும் உண்மையிலேயே கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அந்த அலகையும் கால்களையும் அழுத்தமாகக் கறுப்பிலேயே வையுங்கள். படத்தில் வேறெங்கும் கறுப்பு இல்லாதபோது அந்தச் சின்ன அலகு கொக்கு முழுவதையும் வானத்திலிருந்து பிரித்துக் காட்டிவிடும். எந்தப் படத்திலும் இப்படி இயல்பாகவே கறுத்த ஒரு சின்ன இடம் இருக்கும்: யானையின் கண், குருவியின் மூக்கு, ஜன்னலின் உள்பக்கம். அதைத் தேடிப் பிடித்துவிட்டால் மற்ற இடங்களில் நூல் மிச்சம்.

நிறமே இல்லாமல்கூட உருவத்தை எடுப்பாகக் காட்டலாம் என்பதற்குச் சாட்சி லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1360-க்கும் 1400-க்கும் இடையில் சிசிலியில் தைக்கப்பட்ட, டிரிஸ்டன் என்ற வீரனின் கதையைச் சொல்லும் டிரிஸ்டன் குயில்ட். வெளிர்நிற லினன் துணி, உள்ளே பருத்திப் பஞ்சு, அவ்வளவுதான். கப்பல்கள், குதிரைவீரர்கள், கோட்டைகள் என்று 14 காட்சிகள். வண்ணத் துணி ஒன்றுகூட இல்லை. பழுப்பு, வெள்ளை என்று இரண்டே லினன் நூல்களும், பஞ்சு தரும் மேடு பள்ளமும்தான் அத்தனை உருவங்களையும் தூக்கி நிறுத்துகின்றன. வெளிர் துணிக்குப் பழுப்பு நூல் எவ்வளவு இதமாக உட்காரும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

கோடு போட்டாயிற்று, இப்போது குழந்தைகளின் கலரிங் புத்தகம் போல் இருக்கிறது

ஒரே தடிமனில், ஒரே நிறத்தில், எல்லா உருவத்தையும் முழுச் சுற்றாகச் சுற்றியதன் விளைவு. முழுவதையும் பிரிக்கத் தேவையில்லை. வெளிச்சப் பக்கத்துக் கோடுகளை மட்டும் பிரித்தெடுங்கள். பின்னணியில் இருக்கும் பொருட்களின் கோட்டையும் பிரித்துவிடுங்கள். முன்னால் இருப்பவற்றின் நிழல் பக்கம் மட்டும் நிற்கட்டும். பிரித்த இடத்தில் ஊசித் துளை தெரிந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்து, நகத்தால் துணியின் இழை வாக்கில் நீவிவிட்டால் பருத்தித் துணியில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

முழுச் சுற்றுக் கறுப்புக் கோடே தவறு என்று சொல்லவில்லை. 1930-களில் அமெரிக்காவில் தைத்த சன்பானட் சூ குயில்ட்டுகள் பலவற்றில், தொப்பிப் பெண் உருவத்தைச் சுற்றிக் கறுப்பு நூலில் காஜாத் தையல் இருக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். அங்கே உருவம் மிக எளிமையானது, பாவாடைத் துணியோ பூப்போட்ட பிரிண்ட், பின்னணி ஒரே வெள்ளை. கோடு அந்தப் பிரிண்ட்டை அடக்கிப் பிடிக்கிறது. அந்தப் பாணிதான் வேண்டுமென்றால் முழு மனதோடு எல்லா உருவத்துக்கும் போடுங்கள். மூடுபனி மாதிரியான ஒரு காட்சிப் படத்தில் பாதிக்குப் பாதி போட்டால் இரண்டும் கெட்டுப்போகும்.

டார்க் நூல்தான் போட்டேன், ஆனாலும் எடுபடவில்லை

நூலில் குறை இருக்காது, பக்கத்து நிறத்தைப் பாருங்கள். பாரிஸில் கோப்ளான் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824-இல் தலைவராக வந்தவர் மிஷெல் யூஜின் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். நீல, ஊதா உடைகளின் மடிப்பு நிழலுக்குப் போடும் கறுப்பு நூலுக்கு வலுவே இல்லை என்று அங்கே புகார் இருந்தது. அவர் மற்ற இடங்களில் சாயமேற்றிய கறுப்பையும் வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குற்றமில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் இருப்பதால்தான் கறுப்பு வலுவிழந்து தெரிகிறது என்று கண்டார். அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் இந்த விதியை 1839-இல் விரிவாக வெளியிட்டார்.

நம் குயில்ட்டுக்கு இதன் பயன் என்னவென்றால், இளநீலத்தின் மேல் நேவி புளூ கோடு போட்டால் அது நீலத்தோடு சேர்ந்துகொள்ளும், தனியாக நிற்காது. அங்கே கரும்பழுப்போ கத்தரிப்பூ நிறமோ எடுத்துப் பாருங்கள். இளம்பச்சைக் குளத்தில் கரும்பச்சையைவிட மெரூன் கலந்த பழுப்பு நன்றாக நிற்கும். மெஷின் நூலென்றால் இன்னொன்றும் கவனியுங்கள்: நம்பர் கூடக்கூட நூல் மெலிசு. 50 நம்பர் நூலில் ஒரு வரிசை போட்டால் தூரத்தில் தெரியாது. 30 நம்பருக்கு மாறுங்கள், அல்லது அதே கோட்டின் மேல் இரண்டாவது முறை ஓட்டுங்கள்.

இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ரோஸ் திட்டாகத் தெரிகின்றன

வெளி ஓரம் சரியாகி, உள்விவரம் மட்டும் குறைந்தால் நூலைவிட நிறம் தீட்டுவது சுலபம். ஒவ்வோர் இதழும் முன் இதழுக்குப் பின்னால் நுழைகிற இடத்தில் மட்டும் நிழல் வேண்டும், நுனி வெளுத்தே இருக்கட்டும். ஃபேப்ரிக் பெயின்ட்டை அதற்கான மீடியத்தோடு கலந்து, தூரிகையை மிச்சத் துணியில் நன்றாகத் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் இதழின் அடியிலிருந்து நுனியை நோக்கி இழுங்கள். தண்ணீர் கூடினால் பஞ்சு வழியாகப் பரவி வட்டமாகக் கறை பிடிக்கும். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காயவிட்டு, மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு இஸ்திரி செய்யுங்கள்.

மெல்லிய நரம்புக் கோடுகளுக்கு நிறமி மை உள்ள பேனா போதும். பிக்மா மைக்ரான் பேனாவில் 01 என்பது 0.25 மில்லிமீட்டர் கோடு, 05 என்பது 0.45 மில்லிமீட்டர். வீட்டில் கிடக்கும் சாதாரண பெர்மனென்ட் மார்க்கரை மட்டும் தொடாதீர்கள். அதன் மை பருத்தியில் கசிந்து பரவும், வெளிர் துணியில் அது அப்படியே தெரியும்.

முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே தட்டில் நிற்கின்றன

குன்று, குளம், கரை எல்லாம் ஒரே அழுத்தத்தில் இருந்தால் ஆழம் வராது. தூரத்துப் பொருள் வெளிறியும் நீலம் பாய்ந்தும் தெரிவதுதான் இயற்கை, எனவே குன்றை அடர்த்தியாக்காதீர்கள். இங்கே கைகொடுப்பது நெட் துணி. முன்பக்கத்து நீரின் வடிவத்துக்குக் கருநீல நெட்டை வெட்டி மேலே போட்டால் அடியில் இருக்கும் நிறம் மாறாமல் ஒரு படி இறங்கும். போதவில்லையென்றால் இரண்டாவது அடுக்கு. தூரத்துக் குன்றின் மேல் வெள்ளை நெட் போட்டால் அது இன்னும் பின்னால் போகும். மெல்லிய நூலில் ஓரத்தைத் தைத்துவிடலாம், நெட் பிசிறாது. இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் நைலான் நெட் உருகிவிடும். மேலே பருத்தித் துணி, குறைந்த சூடு.

தைக்கும் முன் நன்றாக இருந்தது, குயில்ட்டிங் முடிந்ததும் தட்டையாகிவிட்டது

உருவத்தின் மேலும் பின்னணியிலும் ஒரே நெருக்கத்தில் தையல் ஓடியிருக்கும். பின்னணியில் வரிசைகளை 4, 5 மில்லிமீட்டர் நெருக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். கொக்கின் உடலுக்குள் ஓடும் தையல்களைப் பிரித்துவிடுங்கள். பின்னணி அமுங்கும், கொக்கு தானாக மேலே எழும். பக்கத்திலிருந்து வெளிச்சம் படும்போது இந்த மேடு பள்ளம் தரும் நிழல் எந்த நூலும் தராதது. வெளிர் துணியில் நிழல் நன்றாகத் தெரியும், கறுத்த துணியில் தெரியாது. பேஸ்டல் குயில்ட்டுக்கு இருக்கும் பெரிய வசதியே இது.

அதுவும் போதவில்லையென்றால், கொக்கின் உடலுக்குப் பின்னால் பின்துணியில் சின்னதாக ஒரு கீறல் போட்டு, பஞ்சைத் துளித்துளியாக உள்ளே தள்ளி, கீறலைத் தைத்து மூடலாம். அதிகம் திணித்தால் சுற்றிலும் சுருக்கம் விழும்.

அடர் கோட்டில் வெள்ளைப் புள்ளிகள். வெளிர் துணிக்கு அடியில் கருநிழல்

முதலாவது, கீழே பாபினில் இருக்கும் வெள்ளை நூல் மேலே எட்டிப் பார்ப்பது. மேல்நூல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள், அல்லது பாபினிலும் அதே நிற நூலைச் சுற்றிவிடுங்கள்.

இரண்டாவது, அடர் நூலின் வால்களோ மடிப்புத் துணியோ வெளிர் துணிக்கு அடியில் கிடப்பது. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு நூலை அடியில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு கோட்டையும் முடித்து, நூல் முனையை அந்த அடர் கோட்டுக்கு நேர் அடியிலேயே புதைத்து வெட்டுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்ட வாலை மெல்லிய குரோஷா ஊசியால் பின்பக்கமாக இழுத்து எடுக்கலாம்.

வரைந்த அடையாளக் கோடு போகமாட்டேன் என்கிறது

தண்ணீரில் போகும் நீலப் பேனாவால் வரைந்திருந்தால், அதைக் கழுவும் முன் இஸ்திரி போடாதீர்கள், சூட்டில் கோடு நிலைத்துவிடும். சூட்டில் மறையும் பேனாவின் கோடு கடும் குளிரில் திரும்பி வரும். குளிர்நாட்டில் இருப்பவருக்கு அனுப்பப்போகும் குயில்ட்டில் அது வேண்டாம்.

படம் சரியாகிவிட்டது, ஆனால் முழுக் குயில்ட்டும் சுவரோடு கலக்கிறது

சட்டம் இல்லாத குறை. ஆனால் அகலமான கறுப்புப் பார்டர் போட்டால் பிரச்சினை கூடும், சுற்றிலும் இருள் இருந்தால் நடுவிலுள்ள வெளிர் நிறங்கள் இன்னும் வெளுத்துத் தெரியும். நடுத்தர அழுத்தத்தில் ஒரு பார்டர், அதற்கும் படத்துக்கும் நடுவில் கால் அங்குலத்துக்கு அடர்நிற ஒற்றைப் பட்டை, விளிம்பு மடிப்புக்கும் அதே அடர் நிறம். பட்டைக்குப் புடவை ஃபால்ஸ் நன்றாக ஒத்துவரும், மெலிசு, எல்லா நிறத்திலும் கிடைக்கும். பருத்தி ஃபால்ஸ் சுருங்கும், சாயமும் விடும், அதனால் நனைத்து அலசியே பயன்படுத்த வேண்டும்.

துவைத்ததும் அடர்நிறம் வெளிர் துணியில் இறங்கிவிட்டது

தடுப்பது சுலபம்: ஒவ்வொரு அடர் நூலையும் துணியையும் ஈரமான வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சிவப்பும் மெரூனும் கருநீலமும்தான் அதிகம் சாயம் விடும். சாயம் ஒட்டினால் அந்த நூல் இந்தக் குயில்ட்டுக்கு இல்லை.

இறங்கியே விட்டதென்றால் பதறிப்போய் வெயிலில் போடாதீர்கள், இஸ்திரியும் போடாதீர்கள். காயவிடாமல், பெரிய தொட்டியில் குயில்ட் தாராளமாக மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் பிடித்து, கொஞ்சம் சோப்புத்தூள் கரைத்து, மடிப்பில்லாமல் முக்கி வையுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். நிறம் வராத தண்ணீர் கிடைக்கும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். கறை ஈரமாக இருக்கும்வரை வெளியே வர வாய்ப்பு உண்டு. கடைசியாகச் சோப்பு போக அலசி, முறுக்காமல் ஒரு பெரிய துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் சமதளமாக விரித்துக் காயவையுங்கள்.